நாற்பது அடி மேற்கே

ஒரு கோயில் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை என்று நான் பொய் சொன்னேன். அது நகர்ந்தது எனக்குத் தெரியும். நகர்த்தியபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்!

அந்தப் பொய்யால் ஒரு வீட்டின் முன்னறை தரைமட்டமாயிற்று. இடித்தது வேறு யாருமில்லை, அந்த வீட்டுக்காரியேதான். என் பொய்யை நம்பி, தன் கையாலேயே கடப்பாரை பிடித்து...

மறதியால் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் வாய் தவறியது என்றும் நினைக்க வேண்டாம். பொறாமையால் சொன்னேன். இந்த ஒற்றைச் சொல்லை எழுதுவதற்குள் எத்தனை தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன் தெரியுமா?

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் ஒரு நூலகத்தின் நிலப்படப் பிரிவில் ஒப்பந்த ஊழியன். நூலகத்தில் நிலப்படத்துக்கென்று ஒரு பிரிவா என்று நீங்கள் வியக்கலாம். எல்லோரும் வியக்கிறார்கள். பழைய கிராமப் படங்கள், ஏரிப் படங்கள், மலையைச் சுற்றியுள்ள குளங்களின் படங்கள்... துணி ஒட்டிய தாள்களாகவும் சுருள்களாகவும் மூட்டை கட்டிக் கிடந்தவற்றையெல்லாம் ஓர் அறையில் சேர்த்து, இரண்டு கணினியும் ஒரு பெரிய பிரிண்டரும் கொடுத்தார்கள். நிலத் தகராறு உள்ளவர்கள் வருவார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டார்கூட வருவார்கள். பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, அந்தக் காலத்தில் இந்த இடத்தில் என்ன இருந்தது என்று அச்செடுத்துத் தருவோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். கைநாட்டு. அம்மா சித்தாள். எனக்கு நூலகத்தில் வேலை கிடைத்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நிலப்படம் என்று சொல்ல வராமல், டீக்கடையில் போய், "எம்புள்ள படம் காட்டுற ஆபீஸ்ல வேல பாக்குறான்" என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னா படம் ஓடுது மாமா?" என்று கேட்டானாம் ஒருவன்.

"எல்லாம் பழைய படந்தானாம்பா" என்றாராம் அப்பா!

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்குப் பெருமைதான் இருந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் மட்டும் கையில் வைத்திருப்பதுபோல...

முதல் ஓர் ஆண்டு அந்த அறையில் நான் ஒருவனே. ஒவ்வொரு சுருளாகப் பிரித்தேன். மல்துணியால் தூசி தட்டினேன். ரப்பர் பேண்டு தாளை அரிக்கும் என்று கேள்விப்பட்டு, வெள்ளை நாடா வாங்கி வந்து கட்டினேன். பென்சிலால் எண் எழுதினேன். எந்த ஊர்ப் படம் எந்தப் பெட்டியில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். கணினியில் பொருத்தும் வேலையை மட்டும் கைபேசியில் வீடியோ பார்த்துத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தேன். மௌஸைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அப்போதுதான் இர்ஃபான் வந்தான்.

என்னைவிட இரண்டு வயது இளையவன். நகருக்குள் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். சென்னையில் புவியியல் எம்.ஏ. படித்துவிட்டு, இந்தக் கணினி வேலைக்கென்றே தனியாகப் பயிற்சியும் எடுத்தவன். முதல் நாளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இந்தச் சுருளையெல்லாம் நீங்க ஒருத்தரே பிரிச்சீங்களா? சத்தியமா பெரிய வேலைண்ணா இது!" என்றான்.

அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவனோ நல்லவனாக இருந்தான். நல்லவன்மேல் வரும் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்?

நான் ஒரு வாரம் திணறும் படத்தை அவன் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவான். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "இர்ஃபான் தம்பி இருக்காரா?" என்று என்னிடமே கேட்பார்கள். இல்லை என்றால், "பரவால்ல, அப்புறம் வர்றோம்" என்று திரும்பிவிடுவார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்... நாற்காலியோடு நாற்காலியாக.

ஒருநாள் வெளிநாட்டம்மாள் ஒருவர் மலைக்குத் தெற்கே இருந்த பழைய குளங்களைப் பற்றிக் கேட்டு வந்தார். அந்தப் படத்தைத் தேடி எடுத்தவன் நான். மேசையில் விரித்தவன் நான். ஆனால் ஆங்கிலத்தில் விளக்கியவன் இர்ஃபான். அந்தம்மாள் மகிழ்ந்துபோய், தன் கைபேசியில் ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லிப் பிறகு அனுப்பிவைத்தார். அதை அச்சிட்டு நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இர்ஃபான் சிரித்துக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் அந்தம்மாள் நிற்கிறார். ஓரத்தில், சுருண்டுகொள்ளாமல் நிலப்படத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை. மணிக்கட்டு வரை மட்டும்.

அது என் கை.

தினமும் அதைக் கடந்துதான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் படம்...

பத்துக் கிராமப் படங்களை அந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார் நூலகர் மேடம். எங்கள் ஊர்ப் படத்தை நானே கேட்டு வாங்கினேன். செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் சின்ன ஊர். நான் பிறந்த ஊர். அதை நான் பொருத்தி, அப்பாவை அழைத்து வந்து திரையில் காட்ட வேண்டும் என்று ஆசை. நான்கு நாள் போராடினேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணிக்கொண்டது. ஐந்தாம் நாள் மேடம் என் பின்னால் வந்து நின்றார்.

"ஏழுமலை, இன்னுமா இது? இத இர்ஃபான்கிட்ட குடுத்துடு. நீ அந்தப் பெட்டிக்கெல்லாம் லேபிள் ஒட்டு."

கடுமையாகச் சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் என் ஊரை என் கையிலிருந்து பிடுங்கி அவன் கையில் கொடுத்ததுபோல இருந்தது எனக்கு. என் ஏரி! என் தெரு! என் வீட்டுக் கூரை!

அந்த வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியும். பழைய படத்தை அப்படியே கணினியில் ஏற்றினால் அது வெறும் கோடுகள்தான். தான் எந்த இடத்துப் படம் என்று அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இருந்து இன்றும் அசையாமல் அதே இடத்தில் இருக்கும் ஒன்றை, ஒரு மதகையோ பாறையோ எல்லைக் கல்லையோ, நாம் கண்டுபிடிக்க வேண்டும். பழைய படத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். விரித்த துணியை அங்கங்கே ஊசி குத்தி நிறுத்துவதுபோல. நான்கைந்து இடத்தில் குத்திவிட்டால் மீதியெல்லாம் தானாகப் படிந்துவிடும். ஓர் ஊசியை இடம் மாற்றிக் குத்தினால் துணி அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இர்ஃபான் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஏரி மதகு, ஊர்க்கோடிப் பாறை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக் கல், பிள்ளையார் கோயில், கோயிலுக்கு அருகில் ஒரு கிணறு.

"அண்ணா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டான்.

லேபிளையும் பசையையும் வைத்துவிட்டுப் போனேன்.

"உங்க ஊருதானண்ணா இது? இங்க பாருங்க. கோயிலும் கிணறும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போவ மாட்டேங்குது. கோயில வச்சா கிணறு தள்ளிப்போவுது, கிணத்த வச்சா கோயில் தள்ளிப்போவுது. ரெண்டுல ஒண்ணு எடம் மாறியிருக்கணும். எதுண்ணா?"

எது?

எனக்குத் தெரியும். அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான்கு நாள் நான் திணறியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. நானும் அந்தக் கோயிலை வைத்துத்தான் பொருத்திக்கொண்டிருந்தேன், மடையன்! கண்ணெதிரே இருந்தும் யோசிக்கவில்லை.

எனக்கு எட்டு வயது அப்போது. ஊருக்குத் தார்ச்சாலை போட வந்தார்கள். ஏரிக்குப் போகும் பாதையை ஒட்டிப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். லாரி திரும்ப இடம் போதவில்லை. ஊர் கூடிப் பேசி, அவரைத் தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. சாமியின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, தென்னங்கீற்றுக் கொட்டகையில் வைத்துப் பூசை நடந்தது. பழைய கல் ஒன்றையும் வீணாக்கக் கூடாது என்று தூண், படி, வாசற்கால் எல்லாவற்றுக்கும் எண் எழுதிக் கழற்றினார்கள். அதே வரிசையில் புது இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். என் அம்மா மண் சுமந்தாள். கயிறு பிடித்து அளந்தவர் "நாப்பதடி!" என்று கூவியது இன்றும் என் காதில் இருக்கிறது.

நாற்பது அடி மேற்கே.

இர்ஃபான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. முதன்முறையாக! அதைச் சொன்னால் என்ன ஆகும்? "சூப்பர்ணா" என்பான். மாலைக்குள் படத்தை முடிப்பான். மேடம் அவனைப் பாராட்டுவார். என்னிடம் இருந்த ஒரே ஒரு பொருளும் அவனுடையதாகிவிடும்...

"கோயில் எங்கப்பா நகரும்?" என்றேன். "கிணறுதான். பழசு தூந்துபோச்சு. பக்கத்துலயே புதுசா ஒண்ணு வெட்டினாங்க."

"அப்படியா! நானும் அப்படித்தாண்ணா நெனச்சேன். நேத்து வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். கல்லு தூணெல்லாம் ரொம்பப் பழசா இருக்குது. பல நூறு வருசத்துக் கோயில்னு போர்டு வேற. தேங்க்ஸ்ணா. நீங்க இல்லன்னா கிணத்த வச்சுட்டுக் கோயிலத் தூக்கியிருப்பேன்!"

கிணற்றை நீக்கினான். சரியாக இருந்ததை நீக்கிவிட்டுத் தவறானதை வைத்துக்கொண்டான். மீதி நான்கு ஊசிகளும் அந்தத் தவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொன்றிலும் பத்தடிப் பிசகு என்று திரை காட்டியது. பழைய தாள் சுருங்கியிருக்கும், அந்த அளவு இருக்கத்தான் செய்யும் என்று இர்ஃபான் திருப்தியடைந்தான்.

அன்று எனக்கு இனித்தது. ஆம், இனித்தது! ஒளித்துப் பயனில்லை. அவன் செய்த வேலையில் ஒரு கோணல் இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பு சோறு உண்ணும்போதும் கூடவே இருந்தது. யாருக்கும் தீங்கு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சின்ன ஊரின் பழைய படம். அதை யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றுதான் எண்ணினேன்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். யார் பொருத்தினார்கள், எந்தெந்த இடங்களை வைத்து, யாரிடம் விசாரித்து என்று. மறுநாள் அதைத் திறந்து பார்த்தேன். இர்ஃபான் எழுதியிருந்தான்: "உள்ளூர்த் தகவல் தந்து உதவியவர்: ஏழுமலை." அந்த நூலகத்தில் என் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது அங்கேதான். நான் கேட்காமலே எழுதியிருக்கிறான்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சாந்தா அத்தை வந்தாள்.

எங்கள் தெருவைச் சேர்ந்தவள். அப்பாவுக்குத் தங்கை முறை. கணவன் இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் ஏரிப் பாதையோரம் இருந்த தன் வீட்டுக்கு முன்னால் ஓர் அறை கட்டியிருந்தாள். அதில் அவள் மகள் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த முன்னறை பழைய ஏரிப் பாதையை மறித்துக் கட்டப்பட்டது என்று எதிர்வீட்டுக்காரர் மனுக் கொடுத்துவிட்டார்.

"ஏழுமல, பழைய படம்லாம் உங்க ஆபீஸ்லதான் இருக்குதாமே? பாத்து சொல்டா. பாத எப்பவும் ரோடு இருக்கிற எடத்துலதான் இருந்துது. அத மட்டும் ஒரு பேப்பர்ல போட்டுக் குடு. அவன் மூஞ்சியில கொண்டுபோய்க் காட்டுறேன்."

பாதை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் படத்தில் அது எங்கே இருக்கும் என்பதும் தெரியும்.

இர்ஃபான்தான் படத்தைத் திறந்தான். கோயில் இழுத்த இழுப்பில் அந்தப் பகுதி முழுவதும் முப்பதடி மேற்கே நகர்ந்திருந்தது. ஏரிப் பாதை சாலையை விட்டு விலகி, அத்தையின் முன்னறைக்கு நடுவே போயிற்று. சிவப்புக் கோடாக.

அவன் முகம் வாடிவிட்டது. என்னைத் தனியே அழைத்தான். "அண்ணா, பாவமா இருக்குதுண்ணா. குடுக்குறதுக்கு முன்னால நேர்ல ஒரு தடவ போய் அளந்து பாத்துடலாமா?"

கேட்டீர்களா? அவனே வழி காட்டினான். ஒரு வார்த்தை, "போகலாம்" என்ற ஒரு வார்த்தை போதும்.

ஆனால் போனால் என்ன ஆகும்? ஊரில் யாரைக் கேட்டாலும் கோயில் நகர்ந்த கதையைச் சொல்வார்கள். அது ஊரே அறிந்த செய்தி. படம் அந்தக் கோயிலை வைத்துத்தான் பொருத்தப்பட்டது என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. இர்ஃபானுக்குப் படம் தெரியும், கதை தெரியாது. இரண்டும் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"எதுக்குப்பா? பிசகு கம்மியாத்தானே காட்டுது?" என்றேன். "நம்ம வேல படம் குடுக்குறது மட்டும்தான்."

அவன் தலையை ஆட்டினான். "உங்க ஊரு, உங்களுக்குத் தெரியாததாண்ணா" என்று சொல்லி அச்செடுத்தான்.

'தகவலுக்கு மட்டும்' என்று முத்திரை குத்தித்தான் கொடுத்தோம். அதை யார் படிக்கிறார்கள்? அத்தைக்கு எழுத்தும் தெரியாது. சிவப்புக் கோட்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுதான் என் வூடா?"

"ஆமாங்கம்மா" என்றான் இர்ஃபான்.

"இது கம்ப்யூட்டரு தப்பா சொல்லாதா?"

அவள் கேட்டது அவனை அல்ல. என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சுருள்களைப் பெட்டியில் அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது கடப்பாரைச் சத்தம் கேட்டது. அத்தையும் மகளும். தையல் மெஷினை வாசலில் எடுத்து வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

"எதுக்கு அத்த இவ்ளோ அவசரம்? நோட்டீஸே இன்னும் வரலியே" என்றேன்.

"ஜேசிபி வந்தா மொத்த வூடும் போயிடும்டா. நாமளே இடிச்சுட்டா இந்த ரூமோட போவும். படமே சொல்லிடுச்சு, இனிமே இன்னாத்த பேசுறது?" சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "தள்ளி நில்லு, தூசி."

தள்ளி நின்றேன். ஆம்... தள்ளித்தான் நின்றேன்!

அன்று நான் பேசியிருந்தால் இன்னும் மூன்று சுவர்கள் மிஞ்சியிருக்கும். ஏன் பேசவில்லை? பொறாமை அப்போது தீர்ந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். அதன் இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. படித்த பிள்ளை என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பேர் போய்விடும் என்ற பயம். இல்லை... இதுவும் முழு உண்மை இல்லை. சொன்னால் இர்ஃபான்தான் நல்லவன், நான் அயோக்கியன் என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து, சாலை வேலைக்காக ஓர் அரசு சர்வேயர் ஊருக்கு வந்தார். எல்லைக் கற்களிலிருந்து கருவி வைத்து அளந்தார். பழைய பாதை இப்போதுள்ள சாலைக்கு அடியில்தான் இருந்தது. "இந்த வூட்ட யாரும்மா இடிக்கச் சொன்னது?" என்று அத்தையைக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் அவள் நாங்கள் தந்த அச்சுத் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. மேசையில் வைத்துவிட்டு, சர்வேயர் சொன்னதைச் சொன்னாள். போய்விட்டாள்.

இர்ஃபான் அன்று சாப்பிடப் போகவில்லை. நீக்கிய கிணற்றை மறுபடி சேர்த்தான். கோயிலை நீக்கினான். எல்லாம் கச்சிதமாகப் படிந்தது. பாதை சாலையின் மேலேயே போய் உட்கார்ந்தது.

"அண்ணா, கோயில்தான் நகந்திருக்குது" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் தெரியாமப் போச்சு போல" என்றான்.

அது கேள்வியா? எனக்கு அவனே எடுத்துக் கொடுத்த சாக்கா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஆமாம்பா... தெரியல" என்றேன்.

அவன் மேடத்திடம் போய்த் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றான். நானும் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்றுதான் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். இர்ஃபான் படத்தை விரித்து, எந்தெந்த இடத்தை வைத்துப் பொருத்தினான், கோயிலால் எப்படி இழுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். என்னிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"அடப்பாவி! புள்ளையார நகத்துனது ஊருக்கே தெரியுமேப்பா!" என்றார் ஒருவர்.

எதிர்வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "மசூதித் தெருப் பையனுக்குப் புள்ளையார் எங்க இருந்தாருன்னு எப்படிய்யா தெரியும்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவனுக்குத் தெரியாதது அவன் குற்றமில்லை, அவன் கேட்டான், நான்தான்... என்று கத்தியிருக்க வேண்டாமா நான்? கீழே கிடந்த ஓட்டாஞ்சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாதுங்க" என்றான் இர்ஃபான், குரல் உயர்த்தாமல். "தெரியாதப்ப ஊர்ல நாலு பேரக் கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதாங்க."

"விடுங்கய்யா அந்தப் புள்ளய" என்று அத்தை குறுக்கே வந்தாள். "தப்பு பண்ணிட்டேன்னு எவன் இப்படி நடுத்தெருவுல வந்து நிக்கிறான்? நீ உள்ள வாப்பா, மோரு குடி."

அவன் உள்ளே போனான். கூட்டம் கலைந்தது. நானும் அத்தையும் இடிந்த சுவரருகே நின்றோம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சாலையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமேடா ஏழுமல? நீ அங்கதான இருந்த?"

"சின்ன வயசு அத்த. ஞாபகத்துல இல்ல" என்றேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மோர் எடுத்துவர உள்ளே போனாள். நம்பினாளா? நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் படத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'உள்ளூர்த் தகவல்' என்ற வரி அதில் இல்லை. இர்ஃபான் அழித்திருக்கிறான். என்னைக் காப்பாற்றத்தான் அழித்தானா, இந்தப் படத்தில் உன் பெயர் இருக்கும் தகுதி உனக்கில்லை என்று அழித்தானா? கேட்கத் துணிவில்லை. அவன் இன்றும் என்னை அண்ணா என்றுதான் அழைக்கிறான். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம், அவனுக்குத் தெரியுமோ, தெரிந்துதான் அழைக்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

மூன்று வாரமாக ஞாயிறுதோறும் அவன் எங்கள் ஊருக்குப் போகிறான். அத்தையின் முன்னறையைத் திரும்பக் கட்டுகிறார்கள். கொத்தனார் ஒருவர், அத்தை, மகள், கூட இர்ஃபான். கலவை எடுத்துக் கொடுக்கிறானாம், செங்கல் சுமக்கிறானாம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளையின் உள்ளங்கையில் கொப்புளம்! திங்கட்கிழமை மௌஸைப் பிடிக்க முடியாமல் கையை ஊதிக்கொண்டு சிரிக்கிறான்.

நான் ஒருமுறைகூடப் போகவில்லை. செங்கல் சுமந்தே என்னை வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். போனால் அவனைவிட நன்றாகவே சுமப்பேன். ஆனால் எந்த முகத்தோடு போவது? என்ன சொல்லிக்கொண்டு அந்தக் கலவைச் சட்டியைத் தொடுவது?

போன ஞாயிறு மாலை அப்பா போன் செய்தார்.

"உங்க ஆபீஸ் பையன் தங்கமான புள்ளடா" என்றார். "சாந்தா மீன் கொழம்பு வச்சுத் தட்டு நெறையப் போட்டா. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு அவளே ஊட்டிவுடாத கொறதான். எனக்கு இன்னொரு புள்ள இருந்தா இவன மாதிரிதான் இருப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லினு இருக்கிறா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

உங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். எனவே இதையும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது வெட்கமில்லை. குற்ற உணர்வும் இல்லை. பொறாமை! அதே பழைய பொறாமை... தட்டு நிறையச் சோறும், மீன் குழம்பும், 'புள்ள' என்ற அந்தச் சொல்லும். என் குற்றத்துக்கு அவள் வைத்திருந்த மன்னிப்பு அது. அதை அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டான். இனி நான் போய்க் கேட்டாலும் கொடுப்பதற்கு அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்?